துரை போட்ட சுருதி

ஐம்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமான பிறகு வந்த முதல் பங்குனி அது. மாமல்லபுரம் கடற்கரையோரம் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றை வாங்கி ஒருவர் ஓட்டல் நடத்திக்கொண்டிருந்தார். சாப்பாடு பிரமாதமாக இருக்கும். ஆனால் பொழுது சாய்ந்தால் செத்துப்போன துரை மாடியில் ஊளையிடுகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. தங்க ஒரு ஆளும் வருவதில்லை. அந்தப் பெயரைத் துடைக்கத்தான் கீழே கூடத்தில் ஒரு சினிமாப் பாட்டுக் கச்சேரி வைத்தார்.

கச்சேரிக்குப் போனது என் வீட்டுக்காரரின் கோஷ்டி. திருக்கழுக்குன்றத்தில் பள்ளிக்கூட வாத்தியார் அவர். மற்ற நேரமெல்லாம் ஆர்மோனியம்தான். வழக்கமாகப் பாடும் பெண், துரை என்றதுமே காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். அடுப்படியில் நான் பாடுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர், "நீ பாடேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். குடும்பப் பெண் மேடையேறுவதா? கெஞ்சிக் கூத்தாடிய பிறகு இறங்கி வந்தார்.

"நானும் வருவேன். எதுனா கோணலாச்சின்னா இத்தோட பாட்டுக்கு முழுக்கு, சொல்ட்டேன்."

போன இடத்தில் ஆரம்பமே கோணல். செங்கல்பட்டில் வாடகைக்கு எடுத்த பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் வலைத்திரிகளான மேண்டில்கள் பஸ் குலுக்கலில் உதிர்ந்து போயிருந்தன. ஓட்டல்காரர் இருந்த மெழுகுவத்திகளை எல்லாம் ஏற்றி வைத்து, அணையாமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தினார். பேய்க்கு இதைவிட வசதி யாரும் செய்து கொடுக்க முடியாது.

முதல் பாட்டு நன்றாகவே போனது. கைதட்டல்கூடக் கிடைத்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் வெளியே கடற்காற்று கிளம்ப, மாடியிலிருந்து "ஊ..." என்று நீளமாக ஒரு ஊளை. ஜனம் மொத்தமும் எழுந்துவிட்டது. தபலாக்காரர் தபலாவை மடியில் அணைத்துக்கொண்டார். நான் பாடுவதை நிறுத்திவிட்டேன். துரைக்காக இல்லை. முன்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்துத்தான். போச்சு, இனி ஜென்மத்துக்கும் பாட்டில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். ரயில் ஊதினாலும் சரி, மாடு கத்தினாலும் சரி, அது எந்தக் கட்டை என்று அவர் விரல் ஆர்மோனியத்தில் தேடும். அன்றைக்கும் தேடியது. ஒரு கட்டையை அழுத்தினார். ஆர்மோனியமும் ஊளையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

"அஞ்சு கட்டை. உன் சுருதியேதான்!" என்றார். கூட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, மனுஷருக்குச் சந்தோஷம் பொங்குகிறது!

என்ன துணிச்சலோ, கண்ணை மூடிக்கொண்டு அந்த ஊளையோடு சேர்ந்து "ஆ..." என்று சுருதி பிடித்தேன். இழைந்தது. வாசல்வரை போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணாத்த, குந்து! தொர நல்லாத்தான் சுருதி போடுறாரு!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, கூடமே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்துப் பாட்டை விட்டுவிட்டேன்.

மாமியார் வாயிலிருந்து முந்தானையை எடுத்தார். "இன்னாத்துக்குடி நிறுத்துன? செத்தவனே கூடப் பாடிக்கினு கீறான், உனுக்கு இன்னா கேடு? பாடு!"

பாடினேன். மெழுகுவத்திகள் கரைந்து தீரும்வரை பாடினேன். துரை ஊளையிட்ட போதெல்லாம் அவருக்கும் கைதட்டல்.

அன்று அங்கேயே தங்கி, காலையில் எல்லோருமாக மொட்டைமாடிக்குப் போனோம். கைப்பிடிச் சுவரோரம் துரை காலத்துக் கண்ணாடிக் குடுவை ஒன்று கிடந்தது. பெரிய வயிறு, குறுகிய கழுத்து. என் வீட்டுக்காரர் அதன் வாயோரம் ஊத, அதே ஊளை! ஓட்டல்காரர் அதைத் தூக்கி எறியப் போனார். தடுத்தது மாமியார்தான்.

"இருக்கட்டும்பா. அடுத்த கச்சேரிக்கு எம்மருமவளுக்கு வேணும்."

அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். இன்றைக்கும் எதையாவது கண்டு பயம் வந்தால், எழுந்து ஓடுவதற்கு முன் அது என்ன கட்டை என்று ஒரு நிமிஷம் காது கொடுத்துப் பார்க்கிறேன்.