மாமாவின் கோல்ஃப் கையுறை

என் மாமா வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது, பொழுதுபோக்கு என்ற இடத்தில் கோல்ஃப் என்று எழுதிவிட்டார். கிரிக்கெட் என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள், நாம் கொஞ்சம் எடுப்பாக எழுதுவோமே என்று நினைத்தாராம். சிதம்பரத்தில் பிறந்து சிதம்பரத்திலேயே படித்த மனிதர். கோல்ஃப் பந்தைக் கைப்பேசியில் பார்த்ததோடு சரி. எழுதியதை அவரே மறந்தும் போனார். வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய் ஐந்து மாதம் கழித்து, அவரை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய மேலாளர் அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்திருக்கிறார். படித்ததும் முகமெல்லாம் மலர்ந்து, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆட வரும்படி மாமாவைக் கூப்பிட்டுவிட்டார்.

மாமா மூன்று வருடம் வேலையில்லாமல் எங்கள் வீட்டில் இருந்தவர். பொய் தெரிந்தால் வேலை போய்விடும்; மறுபடியும் அக்கா வீட்டுச் சோறுதான். மட்டையும் பந்தும் மைதானத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் கையுறை அவரவருடையதாக இருக்கவேண்டும், அதுகூட இல்லாமல் போய் நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். சென்னைக் கடையில் விலையைக் கேட்டவர், உறையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வெளியே வந்து, ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, சனிக்கிழமை விடிந்ததும் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். எந்தச் சாமானும் நம் பக்கத்தில் மலிவு என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனால் கடைக்காரர்கள் மனமிரங்கி விலையைக் குறைப்பார்கள் என்பது அவருடைய இன்னொரு நம்பிக்கை. அப்பாவின் வண்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் புறப்பட்டார்.

கடலூரில் விளையாட்டுச் சாமான் கடைக்காரர் முதலில் கிரிக்கெட் கையுறையைக் கொடுத்தார். மாமாவால் அதைப் போட்டுக்கொண்டு விரலை மடக்கவே முடியவில்லை. அடுத்து, உடற்பயிற்சி செய்கிறவர்கள் போடும் உறை ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டார் கடைக்காரர்.

"இதுல விரலே இல்லீங்களே?"

"அதான் சார் வெல கம்மி" என்றார் கடைக்காரர்.

மாமா அதையும் ஒரு நிமிடம் யோசித்தார் என்பதுதான் உண்மை. கடைசியில் கடைக்காரரே பாவப்பட்டு, பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டில் வெளிநாட்டுச் சாமான் விற்கிறார்கள், அங்கே கேட்டுப் பாருங்கள் என்று வழி சொன்னார். முட்லூரில் திரும்பி அந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில்.

வீட்டின் முன்னறைதான் கடை. சோப்பு, சென்ட், தைலம், டார்ச் லைட் என்று அலமாரி நிறைய இருந்தது. வியாபாரம் செய்தவர் அம்மா வயதுள்ள ஓர் அக்கா. கோல்ஃப் கிளவுஸ் என்று மாமா கேட்டதும் மேசை இழுப்பறையைத் துழாவிக்கொண்டே பேசினார்.

"புள்ளைங்க வாப்பா மலேசியாவுல இருக்காங்க தம்பி. பெரிய மைதானத்துல புல்லு வெட்டுற மிஷின் ஓட்டுறாங்க. லீவுக்கு வரும்போதெல்லாம் எதையாச்சும் அள்ளிக்கிட்டு வந்துடுவாங்க. இந்தாங்க, எடது கைய நீட்டுங்க."

வெள்ளை வெளேரென்று மெல்லிய தோல். மாமாவின் கையில் சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது. அறுநூறு ரூபாய் என்றார் அந்த அக்கா. சென்னை விலையில் பாதிகூட இல்லை. மாமா பணப்பையைத் திறந்துவிட்டார். அப்போதுதான் நான் கத்தினேன்.

"மாமா, ஒண்ணுதான் இருக்கு! இன்னொரு கை எங்க?"

கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒரு கைக்குத்தான் உறை போடுவார்கள். வலதுகைப் பழக்கம் உள்ளவர் இடது கைக்கு. அதனால் ஒற்றையாகத்தான் விற்பார்கள். இது மாமாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஆமாக்கா, சின்னப் புள்ளைக்கே தெரியுது பாருங்க. ஒத்தக் கைய வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?"

அந்த அக்கா மாமாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாயந்தான். ஒரு கைக்குப் பாதி குடுங்க. இன்னொரு கை கெடச்சா எடுத்து வைக்கிறேன். இதுக்குத் தண்ணி மட்டும் காட்டிடாதீங்க, ஆட்டுத் தோலு."

வீடு வரைக்கும் மாமா வண்டியில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார். "பாவம் பாப்பா, அந்தக்காவுக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லி, வழியில் எனக்கு ரோஸ் மில்க்கும் வாங்கிக் கொடுத்தார். என் கெட்டிக்காரத்தனத்துக்குத்தான் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் அம்மா அதைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் எந்தப் புதுத்துணியும் மூலையில் மஞ்சள் வைக்காமல் உடம்பில் ஏறாது. கையுறைக்கு மூலை கிடையாது. அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, ஐந்து விரல் நுனியிலும் தாராளமாக வைத்துவிட்டாள். குளித்துவிட்டு வந்த மாமா அலறினார்.

"அக்கா! வெள்ளக்காரன் வெளையாட்டுக்கா இது!"

"வெளையாட்டு அவனுதா இருந்தா என்னாடா? கை நம்ம கைதான? ஒன் வேல நெலைக்கணும்னுதான் வச்சேன்."

அக்காவும் தம்பியும் வாதாடிக்கொண்டிருந்தபோது, உதவி செய்கிற எண்ணத்தில் நான் அதைக் கொல்லைக்கு எடுத்துப்போய் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் காட்டாதீர்கள் என்று அந்த அக்கா சொன்னது காதில் விழுந்ததுதான். கடைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறியது. பயந்துபோய் இன்னும் அழுத்தித் தேய்த்து, கொடியில் கிளிப் போட்டு மாட்டினேன். மத்தியானத்துக்குள் அது அப்பளமாகக் காய்ந்து சுருங்கி, என் கைக்கு மட்டும் சரியாக இருந்தது.

அம்மா எட்டிப் பார்த்து, "பாருடா, குங்குமமும் தானா வந்துடுச்சி" என்றாள்.

மாமா திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாமாவின் வேலை என்னால் போகப்போகிறது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

பரங்கிப்பேட்டையில் அந்த அக்கா எங்களைக் கண்டதும் ஆச்சரியப்படவே இல்லை.

"அக்கா, அந்த இன்னொரு கை..." என்று மாமா இழுத்தார்.

"கெடச்சிடுச்சி தம்பி. மீதிப் பாதியக் குடுத்துட்டு எடுத்துக்கங்க" என்று முதல் நாள் திறந்த அதே இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "மாட்டிப் பாக்க வேணாமா?"

மாமா கையுறையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. "வேணாங்கக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்காமல் பணத்தைக் கொடுத்தார். திரும்பும் வழியில் ரோஸ் மில்க் கடை வந்தபோது வண்டி நிற்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், ஜோடி சேர்ந்த அழகைப் பார்க்கலாமென்று சுருங்கியதை இடது கையிலும் புதியதை வலது கையிலும் மாட்டினேன். வலது கையில் கட்டைவிரல் நுழைய மாட்டேனென்றது. எப்படித் திருப்பினாலும் இரண்டும் இடது கைதான்.

"மாமா! அந்தக்கா ஒன்ன ஏமாத்திட்டாங்க! வா, போயிக் கேக்கலாம்!"

"வுடு பாப்பா."

"காசு குடுத்தோம்ல?"

"வுடுன்னு சொல்றேன்ல" என்று கையுறையைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு மைதானத்தில் மாமா பந்தை அடித்ததைவிடப் புல்லை அடித்ததுதான் அதிகமாம். மேலாளரும் ஏறக்குறைய அப்படித்தான் ஆடுகிறவராம். தன்னைவிட மோசமாக ஆட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில், அந்த மாதமே மாமாவை நிரந்தரமாக்கிவிட்டார். வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்குத்தான் மாமாமேல் இருந்த மரியாதை குறைந்துபோயிற்று. தனக்குச் சேரவேண்டியதை ஒரு கடையில் வாயைத் திறந்து கேட்கத் தெரியாதவர், சென்னையில் போய் என்ன பிழைத்துவிடப் போகிறார்? முழுப்பரீட்சை லீவு விட்டதும் பரங்கிப்பேட்டைக்கு நானே போய், அந்த அக்காவிடம் சண்டை போட்டாவது மாமாவின் வலது கையை வாங்கிவந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.