அந்தோனியார் வளைவில் நான் இறங்கவில்லை

பிரியமானவர்களே, நான் விழுந்தது அந்தோனியாரின் வாசலில். வேறு எங்காவது விழுந்திருந்தால் ஊர் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். அவருடைய சுருவத்துக்கு, அந்தச் சிலைக்கு முன்னால், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் விழுந்தபடியால் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கங்கள்தான் முறிந்த கையைவிட எனக்கு அதிகம் நொந்தன.

என் பெயர் றெஜினா. சொந்த இடம் முல்லைத்தீவுக் கடற்கரை. இப்போது அம்மாவுடன் வவுனியா நெளுக்குளத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். பட்டணத்துக் கடைவீதியில், ஒரு புடவைக் கடையில் துணி அளந்து வெட்டிக் கொடுப்பது என் வேலை. பல வருடங்களாகச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். காலை பஸ் எங்கள் இடத்துக்கு வரும்போதே ஆட்கள் கதவில் தொங்கிக்கொண்டுதான் வருவார்கள். அதோடு அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. மத்தியானம் நான் வீட்டுக்கு ஓடி வந்து, அவாவுக்குச் சோறு போட்டு, மருந்து கொடுத்து, இடைவேளை முடிவதற்குள் மீண்டும் கடையில் நிற்க வேண்டும். அதற்குப் பஸ்ஸும் உதவாது, ஓட்டோவும் கட்டாது. சைக்கிள் ஓடினால்தான் எனக்கு வேலை. வேலை இருந்தால்தான் நானும் அம்மாவும் ஒருவர் கையையும் பார்க்காமல் எங்கள் குசினியில் சமைத்துச் சாப்பிடலாம்.

எங்கள் வீதி காலையில் எப்படியிருக்கும் என்று பட்டணத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். ஒன்றையொன்று முந்துகிற தனியார் பஸ்கள், நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள், பிள்ளைகளை அடைத்த பாடசாலை வான்கள், நினைத்த இடத்தில் திரும்புகிற ஓட்டோக்கள். இவற்றுக்கு நடுவே ஓரமாக என் சைக்கிள். ஒரு இடத்தில் வீதி மதகுக்கு மேலாக ஒடுங்கி வளையும். அந்த வளைவில், இடப்பக்கம், அந்தோனியாரின் சுருவக்கூடு. எதிர்ப்பக்கம் ஒரு ஒழுங்கை, சின்னத் தெரு. கத்தோலிக்கர் அதைக் கடக்கும்போது சைக்கிளிலிருந்து ஒரு கையை எடுத்துச் சிலுவை அடையாளம் போடுவோம். எங்களுக்கு அது மூச்சு விடுவது போல.

தை மாதம், பொங்கல் கழிந்த ஒரு திங்கட்கிழமை. ஓரத்துக் குழி ஒன்றுக்கு விலகி, கொஞ்சம் நடுவுக்கு வந்தபடியே வலக்கையை எடுத்தேன். நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள். "ஆமென்" வாயில் இருக்கும்போதே இடப்பக்கத்தால் ஒரு பஸ் என்னை உரசிக்கொண்டு வந்தது. இடப்பக்கத்தால்! நான் நடு வீதியில் போய் விழுந்தேன். எதிரே வந்த லொறி என் தலைமாட்டில் நின்றது. யாரோ தூக்கினார்கள். ஓட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் வலக்கை மணிக்கட்டுக்குப் பத்து, அதாவது மாவுக்கட்டு, போட்டார்கள்.

பிறகு விளக்கங்கள் வரத் தொடங்கின. அயலிலுள்ள கத்தோலிக்கர் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒரு அக்கா என் கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டு சொன்னா: "றெஜினா, ஆண்டவர் காட்டித் தந்திட்டார். பொம்பிளைப் பிள்ளை இந்த ரோட்டில சைக்கிள் ஓடினது போதும் எண்டுதான் தன்ர வாசல்லயே நிப்பாட்டினவர்." எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வீட்டோடு ஒரு தொழில் கிடைக்க வேண்டும் என்று செபமும் சொன்னார்கள். நான் அதற்கு ஆமென் சொல்லவில்லை.

அண்ணா முல்லைத்தீவிலிருந்து வந்தார். கடற்றொழில் செய்கிறவர். எங்கள் குடும்பத்தில் போருக்குப் பிறகு மிச்சமிருப்பது அவரும் நானும் அம்மாவும்தான். அதனால் அவருக்குப் பயம் கூட. அந்தப் பயத்தை அவர் கோபமாகத்தான் காட்டுவார்.

"உயிர்த்த ஞாயிறு முடிய பட்டா லொறி ஒண்டு பிடிச்சுக்கொண்டு வாறன். சாமானைக் கட்டி வையுங்கோ. ரெண்டு பேரும் என்ர வீட்டில இருக்கலாம்."

"நான் வரேல்லை அண்ணா."

"உன்னைக் கேக்கேல்லை. சொல்லுறன்."

அண்ணாவின் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. அண்ணி நல்லவா. ஆனால் அங்கே நான் இன்னொருவர் வீட்டுக் குசினியில் மரக்கறி நறுக்கிக்கொண்டு, கடைக்குப் போக ஆளைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். செல்லடிக்குள் சைக்கிள் உருட்டி வந்தவள் நான். ஒரு பஸ்ஸுக்குப் பயந்து ஒதுங்கி இருப்பதா?

அப்படித்தான் வாயால் சொன்னேன். உடம்பு வேறு கதை சொன்னது. தவக்காலம் தொடங்கும்போது பத்து வெட்டினார்கள். அடுத்த கிழமை சைக்கிளை எடுத்தேன். வளைவு வரை நன்றாகத்தான் போனேன். சுருவத்தைக் கண்டதும் முழங்கால் இரண்டும் நடுங்கி, கண் இருண்டது. இறங்கிவிட்டேன். மதகுக்கு மேலே நடப்பதற்கும் ஓரம் இல்லை. வாகனம் ஓயட்டும் என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாகனம் ஓயவே இல்லை. காலையிலும் அப்படி, மத்தியானத்திலும் அப்படி. ஒவ்வொரு நாளும் கடைக்குப் பிந்தினேன். முதலாளி நல்ல மனிதர்தான், அவரும் சொல்லிவிட்டார்: "றெஜினா, இந்த மாதம் பார்ப்பம். பிறகு நான் வேற பிள்ளையைத்தான் எடுக்கோணும்."

அன்றிரவு படுத்துக்கொண்டு அழுதேன். கை போய்விடவில்லை, கால் போய்விடவில்லை, தைரியம் மட்டும் போய்விட்டது. அதை எந்த ஆஸ்பத்திரியில் கேட்பது?

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிற நாள். நான் வெறுங்கையோடு போனேன். சுருவத்துக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினேன். முழங்காலில் நிற்கவில்லை. நின்றபடியே, சத்தமாகவே கேட்டேன்.

"அந்தோனியாரே, இண்டைக்கு மெழுகுதிரி கொண்டு வரேல்லை. கையும் எடுக்கமாட்டன். உமக்குக் கையெடுத்துத்தான் என்ர கை முறிஞ்சது. என்னைக் காக்கிற வானதூதர், என்ர காவல் சம்மனசு, அண்டைக்கு எங்க போனவர்? நான் வீட்டில இருக்கோணும் எண்டு நீர் சொல்லுறீராம், சனம் கதைக்குது. அது உம்மட கதையோ, சனத்தின்ர கதையோ? எனக்கு இப்பவே தெரியோணும். வேற வேலையும் வேண்டாம், வேற ரோட்டும் வேண்டாம். இதே ரோட்டால, இதே சைக்கிளில என்னை அனுப்பும். அனுப்பினால் வாறன், பேசுவம்."

வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் அம்மாவிடம் சொன்னபோது அவா நெஞ்சில் கை வைத்தா. பிறகு சிரித்தா.

"அந்த மனுசன் ஒரு கையில குழந்தை யேசுவை வைச்சிருக்கிறார், மற்றக் கையில லீலிப் பூவை வைச்சிருக்கிறார். விழுற உன்னை எந்தக் கையால பிடிக்கிறது?"

"அப்ப பூவைக் கீழ வைக்கச் சொல்லுங்கோ அம்மா" என்றேன்.

சகோதரங்களே, இப்படியும் செபிக்கலாமா என்று எனக்குத் தெரியாது. நான் செபித்தது இப்படித்தான். பதில் வந்தது அதே வெள்ளிக்கிழமை.

காலையில் வழக்கம்போல மதகடியில் நின்றேன். ஒரு தனியார் பஸ் வந்து ஓரம் கட்டியது. விரலிடுக்குகளில் தாள்காசைச் செருகியிருந்த கொண்டக்டர் குதித்து என்னிடம் வந்தான். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வாயெல்லாம் வெற்றிலை.

"அக்கா, கை சுகமோ?"

"தம்பி ஆர்?"

"கஜன். மாங்குளம். அண்டைக்கு உங்களைத் தூக்கி ஓட்டோவில ஏத்தினது நான்தான்." விரலிடுக்கிலிருந்த தாள்காசை உருவிச் சட்டைப் பையில் வைத்தான். "விழுத்தினதும் நாங்கள்தான்."

எனக்குக் கை ஓங்கத்தான் தோன்றியது. அவன் நகராமல் நின்றான்.

"ஒவ்வொரு நாளும் நீங்கள் இதில நிக்கிறதைப் பார்த்துக்கொண்டுதான் போறன். சொல்லாமல் இருக்க ஏலாது அக்கா. அண்டைக்கு நீங்கள் கையைத் தூக்கி வலப்பக்கம் கொண்டு போனீங்கள். எதிர் ஒழுங்கைக்குத் திரும்பக் கை காட்டுறீங்கள் எண்டு நினைச்சனான். 'அவா வலப்பக்கம் திரும்பிறா, இடப்பக்கத்தால எடுங்கோ அண்ணை' எண்டு டிரைவருக்குச் சொன்னது நான். பிறகுதான் சுருவத்தைக் கண்டனான். எங்கட சைவ ஆக்கள் மாதிரிக் கன்னத்தில போட்டிருந்தால் அந்த அவசரத்திலும் விளங்கியிருக்கும். பொலிசுக்குப் போறதெண்டால் போங்கோ. நான் ஓடமாட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். நான் அந்தோனியாரைக் கும்பிட்டதை ஒரு பஸ், வலப்பக்கம் திரும்புகிறேன் என்று எடுத்திருக்கிறது! இதற்குத்தான் இவ்வளவு விளக்கமும். கடவுள் என்னை வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. கஜன்தான் பிழையாகச் சொன்னான், அதையும் டிரைவருக்குத்தான் சொன்னான்.

சிரித்து முடிய அழுகை வந்தது. என் கடவுள் என்னைத் தள்ளிவிடவில்லை. அது எனக்குத் தெரிந்த அந்த நிமிடத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"பொலிஸ் வேண்டாம்" என்றேன். "நீர் செய்த பிழையை நீரே திருத்தும். என்னை இதால போக விடும்."

"நாளைக்கு உங்களுக்குப் பின்னால வாறம். இறங்காதேங்கோ அக்கா."

அடுத்த நாள் சொன்னபடி பின்னால் வந்தார்கள். கஜன் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, ஒரு கையை வீதிக்கு விரித்து, மற்றக் கையால் பஸ்ஸின் தகரத்தில் அடித்தான். "சைக்கிள் அக்கா போகட்டும்! பொறுங்கோ! ஒருத்தரும் முந்தாதேங்கோ!" பின்னால் அத்தனை ஹோர்னும் கத்தியது. பஸ்ஸில் இருந்த ஒருவர், "இது என்ன அமைச்சரோ போறா?" என்று ஏசியதும் கேட்டது. முழங்கால் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று மிதித்தேன். இரண்டு கையும் ஹாண்டிலில். "பிதா, சுதன், பரிசுத்த ஆவி" என்று வாயால் மட்டும் சத்தமாகச் சொன்னேன். மதகு முடிந்தது. வளைவும் முடிந்தது. காவல் சம்மனசு எங்கே என்று கேட்டேன் அல்லவா? வெற்றிலை போட்டுக்கொண்டு மிதிபலகையில் நின்றது.

தவக்காலம் முடியும்வரை காலையிலும் மத்தியானத்திலும் அப்படிப் போனேன். கடைக்கு ஒரு நாளும் பிந்தவில்லை. அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொடுத்தேன், இறங்கி நின்று, சைக்கிளை நிறுத்திவிட்டு. பெரிய வாரத்தில் கஜன் வந்து, தங்கள் பஸ்ஸை வேறு பாதைக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னான். இனி நான் எப்படிப் போவது என்று கேட்டேன். "உங்களுக்கு இனி ஆள் தேவையில்லை அக்கா" என்றான். அவனுக்கு எப்படித் தெரியும்?

கடை பூட்டியிருந்த பெருநாள் நாட்கள் கழிந்து, வேலை தொடங்குகிற காலையில் அண்ணா பட்டா லொறியோடு வந்து நின்றார். நான் அலுவலுக்கு உடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்ததும் அலுமாரியைத் தூக்கி ஏற்றினார். அம்மாவின் கதிரையையும் ஏற்றினார்.

"அண்ணா, நான் வேலைக்குப் போறன். ஏத்துறதெண்டால் ஏத்துங்கோ. மத்தியானம் வந்து இறக்கிறன்."

"சைக்கிளை வை எண்டு சொல்லுறன்! அந்த வளைவில திரும்பவும் விழுந்தால் ஆர் உன்னை அள்ளுறது? எனக்கு இன்னும் எத்தினை பேரைப் புதைக்க ஏலும்?"

அதுவரை அவர் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் ஏறி மிதித்தேன். நின்றிருந்தால் நான் அன்றைக்கு அந்த லொறியில்தான் ஏறியிருப்பேன்.

அண்ணா அலுமாரியோடும் கதிரையோடும் பட்டாவை ஓட்டிக்கொண்டு என் பின்னால் வந்தார். "நில்லு! நில்லு பிள்ளை!" என்று கத்திக்கொண்டே வந்தார். வளைவு வந்தது. பின்னால் பஸ் முந்தப் பார்க்கிற ஹோர்ன் கேட்டது. "யேசுவே, நான் இறங்கமாட்டன்" என்றேன். அது மட்டும்தான் என் செபம். அப்போது பின்னால் கிறீச்சென்று பிரேக் சத்தம். கதவு அடிபட்ட சத்தம். அதற்குப் பிறகு, கடலில் படகுக்குப் படகு கூப்பிடுகிற அண்ணாவின் குரல்.

"பொறுங்கோடா! முன்னுக்கு என்ர தங்கச்சி போறாள்!"

பட்டாவை வீதிக்குக் குறுக்கே விட்டு, இறங்கி நின்று கை இரண்டையும் விரித்திருக்கிறார். பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் வழிய வழிய மதகைக் கடந்து போய்க்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அலுமாரி பழைய இடத்தில் நின்றது. அண்ணா சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "உன்ர பிரேக் கட்டை தேஞ்சு போச்சு. கொண்டா, மாத்தித் தாறன்" என்றார்.

ஆண்டவருக்கு என் முழு இதயத்தோடு நன்றி சொல்கிறேன். அந்தோனியாருக்கும்தான். முன்பு நான் பயந்து பயந்து, கெஞ்சிக் கெஞ்சிச் செபிக்கிறவள். இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். உங்களிலும் யாருக்காவது, "கடவுள் உன்னை நிறுத்திவிட்டார்" என்று மற்றவர்கள் சொல்லியிருக்கலாம். நம்பாதீர்கள். நேரே போய் அவரிடமே கேளுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள், வெறுங்கை என்றால் வெறுங்கையோடு போங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். என்னைக் கோபிக்கவில்லை.

நான் இன்றைக்கும் அந்த வளைவால்தான் வேலைக்குப் போகிறேன். பின்னால் வருகிறவர்களுக்கு அவசரமென்றால், கொஞ்சம் பொறுக்கட்டும்.