ஈரக் கைப்பிடி

இது நடந்தது. கட்டுக்கதை என்கிறவர் பலெர்மோவில் நிலக்ஷியைப் போய்ப் பார்க்கட்டும். ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பிலேயே சுமந்து திரிகிறாள். தள்ளுவண்டி என்றாலே முகம் வெளிறுகிறது. ஏன்? சொல்கிறேன்.

அவளுடைய புருஷன் பிரசாந். பல வருஷமாக ஊராரின் கக்கூஸ் கழுவிச் சலித்தவன். போதுமடா சாமி என்று இத்தாலிக்கார சிஞ்ஞோரா வீட்டு வேலையை விட்டுவிட்டு, கை பழகிய மரவேலையை நம்பி பிரான்காச்சோவில் பட்டறை எடுத்தான். நிலக்ஷிக்கு வயிற்றில் நெருப்பு. கையில் பச்சைப் பிள்ளை வேறு.

"சரிவராட்டி என்னப்பா செய்வியள்?"

"திரும்பக் கக்கூஸ்தான்."

ஒரேத்தோவில் யாரோ ஒரு வீட்டைக் காலி செய்து சாமான் விற்றார்கள். அங்கே கிடைத்தது ஒரு பழைய செகா ராடியாலே, மரம் அறுக்கிற மெஷின். இரும்பு மேசைக்கு மேலே நீட்டிய கை, அதில் தொங்கும் மோட்டார், வட்ட வாள். பிடியைப் பிடித்து நம் பக்கம் இழுத்தால் பலகை அறுபடும். விற்ற பெண் கறுப்பு உடுப்பில் நின்றாள். அப்பாவின் சாமான், அவருக்கு இனித் தேவையில்லை என்றாள். செத்த வீட்டில் சாமான் வாங்கப் போனவன் துருவித் துருவிக் கேட்பானா? பிரசாந் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு வந்தான். அங்கேதான் பிழை விட்டான்.

துருவைச் சுரண்டினான். பேரிங் மாற்றினான். மோட்டாருக்குள் கிறீஸும் மரத்தூளும் களியாகிக் கிடந்தன. விரலால் வழித்தான்... மயிர். நீள மயிர், கொத்துக் கொத்தாக. எலி கூடு கட்டியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஆனால் அந்தப் பிடி! காலையில் வந்து தொட்டால் ஈரம். சூடு. யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி. புளித்த பால் நாற்றம். சீ! தின்னர் போட்டுத் துடைத்தான். மறுநாளும் ஈரம். பிடியையே கழற்றி எறிந்துவிட்டு, ஒலிவ மரத்தில் புதிது கடைந்து போட்டான்.

அதுவும் ஈரம்.

ஒரு மத்தியானம் நிலக்ஷி பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சோறு கொண்டுவந்தாள். சும்மா பிடியைத் தொட்டவள் கையை உதறினாள்.

"சீச்சீ, அரியண்டம்! என்னப்பா இது?"

"செத்த கிழவன்தான். மெஷினை விட்டிட்டுப் போக மனமில்லைப் போல."

"அப்ப ஒரு படையல் வைப்பம். திண்டிட்டுப் போகட்டும்."

நம்மாட்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே. சனிக்கிழமை மத்தியானம், வாளையும் வயரையும் கழற்றிவிட்டு, அந்த மேசையிலேயே படைத்தார்கள். சோறு, ஆட்டிறைச்சிக் கறி, அவித்த முட்டை. கிழவனுக்கென்று ஒரு கிளாஸ் வைன், ஒரு சுருட்டு. "ஐயா, வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று பிரசாந் கும்பிட்டுக் கூப்பிட்டான். வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்கள். தெருவில் ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருந்தன. ஈ காக்கை இல்லை.

உள்ளே... கிறீச்.

மோட்டார் இரும்புக் கையில் முன்னே வரும் சத்தம்.

பின்னே. முன்னே. பின்னே.

பிறகு... சவைக்கிற சத்தம்.

நிலக்ஷி தள்ளுவண்டியில் கிடந்த பிள்ளையை அள்ளி நெஞ்சோடு அணைத்தாள்.

நின்றது.

திறந்தார்கள். வைன் வைத்தபடி. சுருட்டும் வைத்தபடி. சோறு இல்லை, கறி இல்லை, எலும்புகூட இல்லை. தட்டு முழுக்க எச்சில்... கொழகொழவென்று, நூல் நூலாக மேசை விளிம்பால் வடிந்தது. பிரசாந் வாசலிலேயே சத்தி எடுத்தான்.

அன்றே பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டான். மெஷின் இல்லாமல் பட்டறையும் போயிற்று. திரும்பக் கக்கூஸ். ஆனாலும் தொல்லை விட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

சில வாரம் கழித்து, ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையைக் கழுவப் போனான். கடலோர மேசையில் அதே பெண். பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு கிழவர், கணவாய் மீன் தின்றுகொண்டு. "இவர்தான் என் அப்பா" என்றாள். அவள் கறுப்பு உடுத்தது தாய்க்காம்.

மெஷின் வாங்கியவன் இவன்தான் என்று பிரசாந்தை அவருக்குக் காட்டினாள்.

"பிடி இன்னும் ஈரமா?" கிழவர் சிரித்தார். "எனக்கும் அப்படித்தான். துடைத்துவிட்டு வேலை செய்வேன். ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை."

பிரசாந் படையலைச் சொன்னான். கிழவரின் முள்ளுக்கரண்டி தட்டில் விழுந்தது.

"கூப்பிட்டாயா? கூப்பிட்டுச் சாப்பாடும் போட்டாயா?"

பிரசாந் வீட்டுக்கு ஓடினான். நிலக்ஷி படிக்கட்டடியில் நின்றாள்.

"இஞ்சேருங்கோ... பிள்ளையின்ர வண்டியை ஆர் தொட்டது?"

தள்ளுவண்டியின் பிடி.

ஈரம்.

சூடு.