ரயிலில் மட்டும் எழாத லேப்டாப்

டிஸ்க் செத்துவிட்டது என்றார் கடைக்காரர். லினக்ஸ்தான் கோளாறு என்றார் மேனேஜர். வண்டி ஆட்டத்தில் உள்ளே ஏதோ கழன்றிருக்கும் என்றார் என் கணவர். அந்த லேப்டாப் எழாமல் மக்கர் பண்ணியதை இந்த மூன்று பேரில் ஒருவர்கூட அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. தீர்ப்பு சொல்ல மட்டும் யாருக்கும் தயக்கம் இல்லை. எனக்குக் கோபமாக வந்தது.

எனக்கு வீடு சித்தூரில், வேலை திருப்பதியில். பள்ளிப் பாடங்களைத் தெலுங்கிலும் தமிழிலும் கம்ப்யூட்டரில் படிக்கும்படி தயார் செய்து கொடுக்கிற சின்ன அலுவலகம் அது. தமிழ்ப் பாடம் முழுவதும் என் தலையில். மற்றவர்கள் இருட்டிய பிறகும் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். நான் மட்டும் சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிடுவேன். அதற்கு மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மீதி வேலையை வண்டியிலேயே என் சொந்த லேப்டாப்பில் முடித்து, சித்தூரில் இறங்குவதற்குள் அனுப்பிவிட வேண்டும். அனுப்பாவிட்டால் சாயங்கால வண்டி கிடையாது.

அந்த வண்டியை விட்டால், நான் வீடு சேரும்போது என் மகள் தூங்கிப்போயிருப்பாள். அல்லது திருப்பதியில் ஹாஸ்டல் பார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்பு படிக்கிற பெண்ணை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிற அம்மாவாக நான் ஆகப்போவதில்லை. வேலையையும் விடப்போவதில்லை. இரண்டையும் தாங்கிக்கொண்டிருந்தது அந்தப் பழைய லேப்டாப்தான்.

அதில் லினக்ஸ் போட்டது நான். விண்டோஸ் போட்டிருந்த காலத்தில் அதைத் திறந்து வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவாக எழும். கல்லூரியில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயங்களில் லினக்ஸ் ஒன்று. அதைப் போட்ட பிறகு லேப்டாப்புக்கு மறுபடி உயிர் வந்தது. அலுவலகத்தில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், வேலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டுதானே இருந்தது.

எங்கள் வண்டியில் பிளக் பாயிண்ட் உண்டு. அதில் கரண்ட் இருக்காது. என்றைக்காவது இருந்தால் அதைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். அதனால் தினமும் போய் வருகிற எங்கள் சீசன் டிக்கெட் கூட்டத்துக்கு பேட்டரியை மிச்சப்படுத்துவது கைவந்த கலை. லேப்டாப்பைத் திறந்தவுடன் வெளிச்சத்தைக் குறைப்பது, வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவது மாதிரி, யாரும் சொல்லாமலே நடக்கும். சந்திரகிரி தாண்டியதும் யாருக்கு எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று விசாரித்துக்கொள்வோம். சித்தூர் வரை தாக்குப்பிடித்தவருக்கு அன்றைக்கு ஒரு மரியாதை.

அந்த மரியாதையை அதிகம் வாங்கியவள் நான். பேட்டரியில் ஓடும்போது எந்தப் பாகம் எவ்வளவு மின்சாரம் குடிக்கலாம் என்று கட்டுப்படுத்துகிற ஒரு சின்ன மென்பொருளைப் போட்டிருந்தேன். திரை, வைஃபை, டிஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வரி. எல்லா வரியிலும் இருப்பதிலேயே குறைந்த அளவை வைத்தேன். அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது லேப்டாப்பைத் தூங்கவைக்காமல் முழுசாக அணைத்துவிடுவேன். ஸ்டேஷனுக்கு நடக்கிற நேரத்தில்கூட ஒரு சொட்டு வீணாகக் கூடாது. அப்படியே பல மாதங்கள் ஓடின. அந்த மென்பொருள் உள்ளே இருப்பதையே மறந்துவிட்டேன்.

பிறகு பழைய டிஸ்க் முனக ஆரம்பித்தது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்கிற புதுவகை டிஸ்க்கை மாற்றினேன். பழையதில் இருந்ததை அப்படியே புதியதில் நகல் எடுத்துப் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். அலுவலகத்தில் சார்ஜரைச் செருகிப் பார்த்தபோது லேப்டாப் பறந்தது. சாயங்காலம் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். கம்பெனிச் சின்னம் வந்தது. திரை கறுத்தது. கறுப்பில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி நின்றன. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அணைத்து அணைத்துப் போட்டதில் ஒருவழியாக எழுந்தபோது பாதி வழி கடந்திருந்தது. மறுநாள் அதுவும் இல்லை.

காலையில் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் முதல் காரியமாகச் சார்ஜரைச் செருகினார். எந்தக் கடையிலும் அப்படித்தான் செய்வார்கள். பட்டனை அழுத்தினார், நல்ல பிள்ளை மாதிரி எழுந்து உட்கார்ந்தது. லினக்ஸை எடுத்துவிட்டு விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள் மேடம் என்று தெலுங்கில் புத்தி சொன்னார். நான் விடாமல் கேட்கவும், அப்படியானால் டிஸ்க் செத்திருக்கும், வைத்துவிட்டுப் போங்கள், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார். கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குக்கு அவர் சாவு சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. லேப்டாப்பை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மேனேஜர் வேலூர் பக்கத்துக்காரர். தெலுங்கர்களிடம் தெலுங்கிலும் என்னிடம் மட்டும் தமிழிலும் கோபப்படுவார். இந்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன், திங்கட்கிழமையிலிருந்து எல்லாரையும் போல நீயும் உட்கார வேண்டியதுதான் என்றார். லினக்ஸ் என்கிற சொல்லை, பல்லில் கல் மாட்டியதைப் போலச் சொன்னார். அலுவலகம் எனக்கு ஒரு லேப்டாப் கொடுக்கலாமே என்று கேட்டேன். அது காதில் விழாத மாதிரி போனை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பாகாலாவில் எதிர்வண்டிக்காக எங்கள் வண்டி நெடுநேரம் நின்றது. என் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவர் திருப்பதியில் நர்ஸாக வேலை பார்க்கிற ஓர் அக்கா. அவர் ஊர் பாகாலாதான், இறங்குவதற்காகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் மறுபடி பட்டனை அழுத்தினேன். மறுபடி அதே கறுப்பு, அதே வெள்ளை எழுத்துகள். அவர் எட்டிப் பார்த்தார்.

“வண்டி ஆட்டம்னு சொன்னியே. வண்டிதான் நின்னுகினு இருக்குதே.”

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டார். நான் பிளாட்பாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வண்டி ஆடவில்லை, லேப்டாப்பும் எழவில்லை. அப்படியானால் ஆட்டம் காரணம் இல்லை. அலுவலகத்தில் எழுகிறது, கடையில் எழுகிறது, வீட்டில் எழுகிறது, இங்கே மட்டும் எழவில்லை. அங்கெல்லாம் இருந்து இங்கே இல்லாதது எது என்று யோசித்தேன். பார்வை தானாக அந்தக் கரண்ட் இல்லாத பிளக் பாயிண்டுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பைச் சமையல் மேடைமேல் வைத்தேன். சார்ஜரைச் செருகிப் போட்டேன், எழுந்தது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன், படுத்துவிட்டது. திரும்பத் திரும்பச் செய்தேன், மாறவே இல்லை. வீட்டுக்குள் ரயில் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று என் கணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் கதவோரம் நின்று சிரித்தார்.

“இன்னாத்துக்கு இத்தனை பாடு? தினிக்கும் போய்க்கினு வந்துகினு. வேலைய வுட்டுடு. என் சம்பளம் பத்தாதா நமக்கு?”

அன்பாகத்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். அதனால் கோபம் குறையவில்லை, கூடியது. லேப்டாப்பில் ஒரு கோளாறு என்றால் லேப்டாப்பைத்தான் சரிசெய்ய வேண்டும், என்னைச் சரிசெய்யக் கூடாது என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, அடுப்பில் பொங்கிய பாலை இறக்கிவைத்தார்.

கறுப்புத் திரையில் நின்றுபோன எழுத்துகளைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். அவ்வளவு நாளும் அந்த எழுத்துகளைப் பார்த்து எல்லாரும் பயந்தோமே தவிர யாரும் படிக்கவில்லை. டிஸ்க்கோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, மறுபடி கூப்பிடுகிறேன், பதில் இல்லை, இனி எதுவும் எழுத முடியாது என்று வரிவரியாகப் புலம்பியிருந்தது. அந்தப் புலம்பலுக்குச் சற்று மேலே சாதுவாக ஒரு வரி இருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்துகிற அந்த மென்பொருள் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அது சொன்னது.

டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. சார்ஜர் இருக்கும்போது அந்த மென்பொருள் அதைச் சும்மா விட்டது. சார்ஜர் இல்லாவிட்டால், லேப்டாப் எழுந்துகொண்டிருக்கும்போதே டிஸ்க்குக்குப் போகிற மின்சாரத்தைச் சுருக்கிவிட்டது. பழைய டிஸ்க் அதைப் பொறுத்துக்கொண்டது. புதிய டிஸ்க்குக்கு அது ஒத்துவரவில்லை. சுருண்டு தூங்கியது, கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை.

உறுதிசெய்துகொள்ள, பேட்டரியிலேயே ரெக்கவரி மோடில் போட்டேன். பழுது பார்ப்பதற்கென்று இருக்கிற அந்த வழியில், அவசியமானவை மட்டும்தான் ஓடும், அந்த மென்பொருள் எழாது. டிஸ்க் முழு நேரமும் விழித்திருந்தது. அமைப்புகளைத் திறந்து டிஸ்க்குக்கான வரியில் குறைந்த அளவை எடுத்துவிட்டு முழு அளவை வைத்தேன். அணைத்தேன். சார்ஜர் இல்லாமல் பட்டனை அழுத்தினேன். அது எழுந்தது. நான் சமையல் மேடையை ஓங்கித் தட்டியதில் மகள் ஓடிவந்து பார்த்தாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மற்ற வரிகளும் கண்ணில் பட்டன. இதற்கும் குறைவு, அதற்கும் குறைவு, எல்லாவற்றுக்கும் இருப்பதிலேயே குறைவு. எல்லாம் என் கையால் வைத்தவை. அதற்கு நான் வெட்கப்படவில்லை. எதற்காக இப்படிக் கஞ்சத்தனம் பண்ண வேண்டியிருந்தது என்பதுதான் உறைத்தது. அலுவலக வேலையைச் சித்தூர் வரை இழுக்க, அலுவலகம் ஒரு லேப்டாப்கூடத் தராமல், வண்டியில் கரண்டும் இல்லாமல், நான் திரையை இருட்டாக்கிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். அதற்கு மரியாதை வேறு. அந்த மென்பொருளையே வேரோடு பிடுங்கிப் போட்டேன். திரையைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு பேட்டரி தீரும்வரை ஓட்டிப் பார்த்தேன். எங்கள் வண்டிக் கணக்கில் அது பாகாலா வரைதான் வரும்.

திங்கட்கிழமை சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் மேனேஜரின் மேசைமேல் லேப்டாப்பைச் சார்ஜர் இல்லாமல் வைத்து, அவர் கையாலேயே பட்டனை அழுத்தச் சொன்னேன். எழுந்தது. அவர் விடவில்லை. மறுபடி அணைத்துப் போட்டார். மறுபடியும் எழுந்தது.

“சரிம்மா, ஓடுது. சித்தூர் வரைக்கும் வருமா?”

“வராது சார். பாகாலா வரைக்கும்தான் வரும்.”

“முன்னெல்லாம் வந்துச்சே?”

“முன்னெல்லாம் வர வெச்சேன். இனிமே வெக்க மாட்டேன். பாகாலா வரைக்கும் செய்றேன், மீதிய காத்தால வந்து செய்றேன்.”

அவர் நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். வேலை போகலாம் என்று எனக்குத் தெரியும். தமிழ்ப் பாடம் பார்க்க அந்த அலுவலகத்தில் வேறு ஆள் இல்லை என்று அவருக்கும் தெரியும். காலையில் சீக்கிரம் வருவாயா என்று கேட்டார். வண்டி எப்போது வருகிறதோ அப்போது வருவேன் என்றேன். போ, வண்டிக்கு நேரமாகவில்லையா என்றார். அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

அன்றைக்குப் பாகாலா தாண்டியதும் பேட்டரி தீர்ந்து திரை அணைந்தது. மூடிப் பையில் வைத்தேன். கை இரண்டும் காலியாக மடியில் கிடந்தன, என்ன செய்வதென்றே தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். வண்டியிலிருந்து நான் பேசினால் அவள் எப்போதும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

“வேலை செஞ்சிகினு இருக்கியா?”

“இல்லடி,” என்றேன். “சும்மா உக்காந்துகினு இருக்கேன். நீ பேசு.”