செல்லத்தாய் அக்கா மீறிய எண்ணிக்கை

வேலைக்குப் போகிற வேனில் இருந்தபோதுதான் போன் வந்தது. "சித்தி, அம்மா போயிருச்சு" என்றாள் செல்லத்தாய் அக்காவின் மகள் மாரீஸ்வரி. வாசல் தெளித்துவிட்டு உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. திருத்தங்கல் விலக்கில் இறங்கி, பஸ்ஸுக்காக நிற்க முடியாமல் ரோட்டோரமாக நடந்துகொண்டே இருந்தேன். அக்காவும் அப்படித்தான், இருப்புக் கொள்ளாத மனுஷி.

சிவகாசியில் சீட்டுக்கட்டு அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். அச்சு விலகியது, ஓரம் கோணலாக வெட்டுப்பட்டது எல்லாவற்றையும் பொறுக்கிக் கழிப்பது எங்கள் வேலை. கழித்த சீட்டுகளிலிருந்தே ஒரு முழுக் கட்டு சேர்த்து மஞ்சள் பையில் வைத்திருந்தார் அக்கா. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை விரித்துக் குறி சொல்வார்.

கேட்பவர் பெண் என்றால் ராணி, ஆண் என்றால் ராஜா. சீட்டுகளைக் கலைத்து முகம் தெரிய அரைவட்டமாகப் பரப்புவார். ராணியை ஒன்று என்று தொட்டு ஏழு வரை எண்ணுவார். ஏழாவது சீட்டுதான் முதல் பதில்; சிவப்பென்றால் நல்லது, கறுப்பென்றால் கெட்டது. அதை ஒன்றாக வைத்து மறுபடி ஏழு. கோடி வந்துவிட்டால் மறுகோடியிலிருந்து தொடர்வார். ஏற்கெனவே தொட்ட சீட்டிலேயே விரல் வந்து விழுந்தால் அத்தோடு முடிந்தது.

"அதுக்கு மேல சீட்டுக்கு வாயில்ல தாயி. அப்புறமும் எண்ணுனா அது நம்ம ஆசை" என்பார். ஒரு கேள்விக்கு ஒரு தடவைதான் எண்ணுவார்.

அந்த விதியை அவரே உடைத்தது மகளுக்காக. மாரீஸ்வரி எங்கள் கம்பெனியிலேயே பைண்டிங்கில் இருந்தாள். விஸ்வநத்தத்தில் பட்டாசுக்கு மருந்து கலக்கும் கணேசனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். அக்கா சீட்டை விரித்தார். கறுப்பு இஸ்பேடாக விழுந்தது. கலைத்து மறுபடி விரித்தார். சோறு தொடாமல் கிடந்தது. மகள் வந்து நின்று கேட்டாள்: "அப்பாவைக் கட்டும்போது ஒனக்கு என்ன விழுந்துச்சும்மா?"

அக்கா சீட்டுகளை அள்ளிப் பையில் போட்டார். அப்போது சிவப்பாகத்தான் விழுந்தது என்பதும், மாரீஸ்வரி நடை பழகும் முன்பே அக்காவின் கணவர் வீட்டைவிட்டுப் போனார் என்பதும் எங்களுக்கெல்லாம் தெரியும்.

கல்யாணம் நடந்தது. தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் நாங்கள் எல்லோருமே வெளியே போய்ப் புகை எந்தத் திசை என்று பார்ப்போம். அக்கா சத்தமே இல்லாதபோதும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஒருநாள் விஸ்வநத்தம் பக்கமே புகை எழுந்தது. அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடினார். ஆட்டோ பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கணேசன் ஒரு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வெடித்தது அடுத்த அறை. காலையில் அவரோடு டீ குடித்தவர் அதற்குள் இருந்தார்.

இறந்தவரின் காரியமெல்லாம் முடிந்தபின் கணேசன் அக்காவைத் தேடி வந்தார். நானும் அங்கே இருந்தேன். அதுவரை சீட்டைக் கேலி பேசியவர் அவர்.

"வேலைக்கு வரச் சொல்றாக அத்தை. போகவா வேண்டாமான்னு ஒருக்கா எண்ணிச் சொல்லுங்க."

அக்கா ராஜாவைத் தொட்டு எண்ணினார். சிவப்பு விழுந்தது. அடுத்ததும் சிவப்பு. ஒரு கறுப்புகூடத் தட்டுப்படாமல், தொட்ட சீட்டிலேயே விரல் வந்து நின்றது. நல்ல குறி. ஆனால் கணேசனின் முகம் வெளிறிவிட்டது. அவர் கேட்க வந்தது அதையல்ல.

அக்கா சீட்டுகளை ஒதுக்கினார். "மாப்பிள்ளை, சீட்டு போகச் சொல்லுது. நான் வேண்டாங்கிறேன்."

"அப்ப எதைத்தான் நம்ப?"

"ஒங்களுக்குப் பயமா இருக்குல்ல? எனக்கும் இருக்கு. அது போதாதா?"

கணேசன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மருந்து அறைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. இன்று காலண்டர் லோடு ஏற்றும் வண்டி ஓட்டுகிறார்.

அக்கா குறி சொல்வதை விடவில்லை. "அன்னைக்குச் சீட்டை மீறுனீக. பெறகு மத்தவகளுக்கு எப்படிக்கா சொல்றீக?" என்று ஒருமுறை கேட்டேன். "எண்ணும்போதாச்சும் ஒரு எடத்துல இருக்கேன்ல" என்று சிரித்தார். அவர் சீட்டை நம்பினாரா, இல்லையா? போன் வந்த அன்று அவர் வீட்டை நோக்கி நான் நடந்த வழியெல்லாம் அதுதான் மனதை அரித்தது. இனி யாரிடம் கேட்பது?

எங்கள் பக்கம் பாடைக்கு முன்னால் சரவெடி கொளுத்துவது வழக்கம். உறவினர் ஒருவர் பெட்டியோடு வந்து நின்றார்.

"வேண்டாம் மாமா. அத்தைக்கு அந்தச் சத்தம் ஆகாது" என்றார் கணேசன்.

உறவினர் பெட்டியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டார். பட்டாசுத் தொழிலாளர்களே நிறைந்த அந்தத் தெரு வழியே, காலடிச் சத்தம் மட்டும் கேட்க, மருமகன் முன்னால் தோள்கொடுத்துத் தூக்கிப் போனார். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம்.

பதறாமல் போங்கள் அக்கா.