வெயிலில் இழுத்த பிலிம்

அமீரகத்து அல் ஐனில் ஒரு ஜெர்மன்காரருக்கு வண்டி ஓட்டினேன். வயசானவர். அவர் ஊரில் பழைய காகிதங்களைப் பாதுகாக்கும் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே பேரீச்சந்தோப்புப் பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பழைய போட்டோக்களைக் கேட்பார். அங்கேயே ஜன்னலோரம் வைத்துக் கேமராவில் பிடித்துக்கொண்டு அப்போதே திருப்பிக் கொடுப்பார். டிஜிட்டல் வந்துவிட்ட காலம்தான். அவர் பிலிமை நம்பினார். கழுவ ஜெர்மனிக்கு அனுப்புவார்.

நான் விளக்குப் பிடிப்பேன்.

அன்றைக்கு ஒரு வீட்டில் ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் மதிய லுஹர் தொழப் போயிருந்தார். ஒரு போட்டோவின் முதுகில் இன்னொன்று ஒட்டியிருந்தது. சார் மெல்லப் பிரித்தார். ஒரு பெண். முகத்தில் மறைப்பு இல்லை. ஓலைக் குடிசை வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"சார், வீட்டுப் பொம்பள. வேண்டாம்."

"குடிசையப் பாரு. இந்த மாதிரி இப்ப ஒண்ணுகூட இல்ல."

எடுத்துவிட்டார்.

வீட்டுக்காரர் வந்தார். மேசையில் கிடந்த போட்டோவைப் பார்த்தார். அதில் இருந்தது அவர் அம்மா. போட்டோவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் அரபியில் பேசினார்கள். எனக்குப் புரிகிற அளவுக்குத் தெரியும்.

"இத எடுத்தியா?"

சாருக்குப் பொய் வராது. "எடுத்தேன்."

"பிலிமக் கொடு."

"கழுவி வந்ததும் அந்த ஒண்ண வெட்டி உங்க கையில தர்றேன்."

"கழுவுறவன் எங்கம்மாவப் பாப்பான்."

கேமரா மேசையில் இருந்தது. யாரும் கை வைக்கவில்லை.

அதே பிலிமில்தான் இன்னொரு வீட்டுக் கிழவரின் பழைய போட்டோக்களையும் பிடித்திருந்தார். தோப்புகளுக்கு வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத் திறந்துவிட்டவர். அவர் அதற்கு முந்தின வாரம் செத்துப்போனார். பிள்ளைகள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். அவருடைய போட்டோக்களைக் கேட்டதற்குக் குப்பையோடு போயிருக்கும் என்றார்கள். மிச்சம் இருந்தது இந்தப் பிலிம்தான்.

சார் என்னைப் பார்த்தார். முற்றத்துக்குப் போய், போட்டோக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரருக்குப் போன் போட்டேன். பார்க்காமலே ஒரு படத்தை மட்டும் வெட்ட முடியுமா என்று கேட்டேன்.

"கண்ணக் கட்டிக்கிட்டா மாப்ளே கழுவுறது? எதை வெட்டணும்ண்டு பாத்துத்தானே வெட்டணும்." சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "யாரு வீட்டு மனுசி? ஒங்க சாருட்டச் சொல்லு, குடுத்துட்டு வரச் சொல்லு. எங்கடைக்கு அதக் கொண்டு வந்துராதே."

உள்ளே வந்து, முடியாது என்று தலையை ஆட்டினேன். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியா?"

"விளக்குப் பிடிச்சேன்."

"அதக் கேக்கல."

"பாத்தேன்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். விசா, டிக்கெட், ஊர் எல்லாம் மண்டைக்குள் ஓடியது. போலீஸைக் கூப்பிட அவருக்கு ஒரு போன் போதும். கையில் போன் இருந்தது.

சார் எழுந்தார். கேமராவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நாங்களும் போனோம். வெயிலில் நின்று பின்மூடியைத் திறந்தார். பிலிமைப் பிடித்து இழுத்தார். அவசரப்படவில்லை. சுருள் சுருளாக வந்து காலடியில் விழுந்தது. கடைசி வரை இழுத்துவிட்டு நீட்டினார்.

வீட்டுக்காரர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே."

"இனிமே தெரியாது."

சுருட்டி, போட்டோ இருந்த பையிலேயே வைத்துக்கொண்டார். போனையும் பைக்குள் போட்டார். காவா வந்தது, அந்த ஊர்க் காப்பி. சார் ஒரு கிண்ணம் குடித்தார். போதும் என்று கிண்ணத்தை ஆட்டிக் கொடுத்தார்.

வண்டியில் ஏறினோம். சாவியைப் போட்டேன்.

"இரு," என்றார். "அந்தக் கிழவர் படத்துல என்ன இருந்துச்சு? நீதான் விளக்குப் பிடிச்ச. சொல்லு."

"வாய்க்கால் சார். மூணு பேரு. ஒருத்தர் கையில மம்பட்டி. நடுவுல அவரு, வாலிபத்துல."

"அப்புறம்?"

யோசித்தேன். தண்ணீர் முட்டளவு. பக்கத்தில் ஒரு கழுதை என்றேன். அதற்குமேல் எனக்கு ஞாபகம் இல்லை.

சார் வண்டியை எடுக்கச் சொன்னார்.