நேராக்கிய டிரைவ்

பின்லாந்தின் ஓலு நகரத்து வன ஆராய்ச்சி நிலையத்தில் இர்மெலி பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். நடைபாதை முனையில் இருந்த யூனிக்ஸ் கணினி அவள் பொறுப்பு. அதில் எழுதிய ஃபிளாப்பியை வேறு எந்தக் கணினியும் படிக்காது. வசந்தத்தில் ஒரு நிரந்தர வேலை வருவதாகப் பேச்சு. கீழ்த்தளக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஆர்தோதான் அவளுக்குப் போட்டி.

“உன் மெஷினுக்கு இன்னிக்கு எத்தனை ஃபிளாப்பி தீனி?” என்பான் காபி அறையில். எல்லோரும் சிரிப்பார்கள்.

இர்மெலி ஃபிளாப்பி டிரைவில் எழுதவும் படிக்கவும் செய்யும் தலையை ஸ்பிரிட்டால் துடைத்தாள். கேபிளை மாற்றினாள். பலிக்கவில்லை. பிறகுதான் உறைத்தது: தலை மயிரிழை விலகி எழுதுகிறது, அதே விலகலோடு படிப்பதால் அதற்கு மட்டும் எல்லாம் சரியாகத் தெரிகிறது. தலை சரியான இடத்தில் நிற்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு ஃபிளாப்பி ஒன்றை ஹெல்சின்கியிலிருந்து இரவல் வாங்கி, தலையின் திருகைத் தொட்டுத் தொட்டு நேராக்கினாள். அதன்பின் அவள் எழுதித் தந்ததை எல்லாக் கணினியும் படித்தது. காபி அறையில் ஆர்தோவின் கேலி நின்றது.

மறுவாரம் ஆய்வாளர் வைனோ ஷூ டப்பா நிறைய ஃபிளாப்பிகளோடு வந்தார். லாப்லாந்து பைன் மரங்களின் ஆண்டு வளைய அளவுகள். பல கோடைகால உழைப்பு. ஒன்றைக்கூட இர்மெலியின் கணினி இப்போது படிக்கவில்லை.

“டிரைவை நேராக்கிட்டேன் வைனோ. இதெல்லாம் கோணலா இருந்தப்ப எழுதினது.”

“அப்ப திரும்பக் கோணலாக்கு! ஆய்வேட்டைக் குடுக்கணும்மா நான்.”

“அப்புறம் நேராக்க அளவு ஃபிளாப்பி வேணும், அதைத் திருப்பி அனுப்பிட்டேன். மறுபடி கேட்டா எப்ப வருமோ. வேலைக்கு ஆள் எடுக்கற நேரம் வேற.”

“நான்தான் கேட்டேன்னு இயக்குநர் சிர்க்காகிட்ட சொல்றேன். என்னை நம்பு.”

நம்பினாள். வைனோவின் ஃபிளாப்பி ஒன்றைப் போட்டு, அதைக் கணினி படிக்கும்வரை திருகைத் திருப்பினாள். டப்பா முழுவதும் மீண்டது. வைனோ மகிழ்ச்சியில் அவளைக் கட்டியணைத்தார்.

தேர்வு நாளன்று இயக்குநர் சிர்க்கா இரண்டு கணினியிலும் ஃபிளாப்பி எழுதச் சொல்லி, மாற்றிப் போட்டுப் பார்த்தார். இர்மெலி எழுதியதைக் கீழ்த்தளக் கணினி படிக்கவில்லை.

“பாத்தீங்களா?” என்றான் ஆர்தோ.

“வைனோவுக்காகத்தான் கோணலாக்கினேன். அவரையே கேளுங்க.”

வைனோ பக்கத்தில்தான் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வேட்டை மதிப்பிடப் போகிறவர் சிர்க்கா. அளவுகளுக்கு வேறு பிரதியே எடுத்து வைக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

“மெஷின் விவகாரம் எனக்கென்னங்க தெரியும்?” என்றார். “என் அளவெல்லாம் எப்பவும் பத்திரமாத்தான் இருந்துச்சு.”

வேலை ஆர்தோவுக்குப் போனது. இர்மெலிக்கு இன்னோர் ஆண்டு நீட்டிப்பு தந்தார்கள். டிரைவில் கை வைக்கக் கூடாது, கோணலாகவே இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். அந்தக் கோணலில் எழுதிய பழைய ஃபிளாப்பி வைத்திருந்தவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள்.